முகக்கவசமும் மனிதச் சுதந்திரமும்

1918-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் நண்பகல் மணி பன்னிரண்டு அடித்தது. ஊரெங்கும் சங்குகள் ஒருசேர ஊதின. அந்த ஒலிக்காகவே காத்திருந்த மக்கள், ஏறத்தாழ நான்கு வாரங்களாகத் தங்கள் மூக்கையும் வாயையும் மூடியிருந்த மெல்லிய துணியைக் கழற்றி வீதியில் எறிந்தனர். அறிமுகமில்லாதவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். நீண்ட நாள் சிறையிருந்தவர்கள் விடுதலை பெற்றதுபோன்ற ஆரவாரம் அன்று அந்நகரில் நிலவியது.

அதே நகரில், ஏறத்தாழ எட்டு வாரங்களில் அந்தத் துணி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இம்முறை மக்கள் சிரிக்கவில்லை. சங்கம் அமைத்து எதிர்த்தனர். "எங்கள் முகத்தின்மீது அரசுக்கு என்ன உரிமை?" என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

நூறாண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல நகரங்களில் மக்கள் முகக்கவச ஆணையை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். கிழக்காசிய நாடுகளிலோ மக்கள் அதனைப் பெரும்பாலும் மறுப்பின்றி அணிந்தனர். ஒரு சாண் துணியின் பொருட்டு மனிதகுலம் இவ்வாறு பிளவுபடுவானேன்? இக்கேள்வியை, அன்பு வாசகர்களே, இன்று ஆணையும் அபராதமும் ஓய்ந்துவிட்ட அமைதியான வேளையில் சிந்தித்துப் பார்ப்பது நமக்கு நன்மை பயக்கும். சினம் தணிந்த பின்னர் பேசுவதே நல்ல பேச்சு.

பனிக்காலத்தில் ஒரு படிப்பினை

கொள்ளைநோய்க்கு எதிராக முகக்கவசம் பேரளவில் பயன்பட்ட வரலாறு, 1910-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியா நாட்டில் தொடங்குகின்றது. ஹார்பின் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவியது. அது பற்றியவர்களில் பிழைத்தோர் அரிது. நோயைக் கண்டறியச் சீன அரசு அனுப்பிய மருத்துவர் வூ லியென்தே என்பவர். நம்மவர் பலர் குடியேறி வாழ்ந்துவரும் பினாங்கில் 1879-இல் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர் அவர். அப்போது அவருக்கு வயது 31.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது அன்றைய மருத்துவர்களின் துணிபு. இறந்த ஒரு பெண்மணியின் உடலைப் பரிசோதித்த வூ, இந்நோய் மனிதனின் மூச்சிலும் இருமலிலும் காற்றுவழியே பரவுகின்றது என்று முடிவுசெய்தார். பஞ்சை உள்ளே வைத்து மெல்லிய துணியால் பொதிந்த முகக்கவசத்தை மருத்துவரும், செவிலியரும், பிணம் சுமப்போரும் அணியவேண்டும் என்று பணித்தார்.

அந்நேரம் அங்கு வந்து சேர்ந்தவர் மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர், வூவைவிட மூத்தவர், அனுபவம் மிக்கவர். இளைஞனான ஓர் ஆசியன் தனக்குப் பாடம் கற்பிப்பதை அவரால் ஏற்க இயலவில்லை. அவரை இழிவாகப் பேசிவிட்டு, முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாட்களில் அதே நோய் கண்டு 1911 ஜனவரியில் மாண்டார். அதுவரை தயங்கியிருந்தோர் அனைவரும் அதன்பின் முகக்கவசத்தைத் தேடி ஓடினர். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அந்த நோய், அவ்வாண்டின் இளவேனிற்குள் அடங்கியது. முகக்கவசம் மட்டுமே அதனை அடக்கியது என்று கூறுவதற்கில்லை. நோயாளிகளைப் பிரித்துவைத்ததும், பயணங்களைக் கட்டுப்படுத்தியதும், உறைந்த மண்ணில் புதைக்க இயலாமல் கிடந்த ஈராயிரத்திற்கு மேற்பட்ட உடல்களை எரித்ததும் சேர்ந்தே அடக்கின.

மெஸ்னி சுதந்திரத்தின் பெயரால் முகக்கவசத்தை மறுத்தவரல்லர். தம் அறிவின்மீது கொண்ட அளவற்ற நம்பிக்கையால் மறுத்தவர். நாம் "என் உரிமை" என்று கூறும் பல இடங்களில், உள்ளே பேசுவது உரிமையா, அல்லது "இவன் யார் எனக்குச் சொல்ல?" என்னும் அகந்தையா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமையை அவருடைய சாவு நமக்கு நினைவூட்டுகின்றது.

நகரத் தலைவர் கட்டிய அபராதம்

இனிச் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். 1918 அக்டோபர் இறுதியில் அந்நகரம் முகக்கவச ஆணையைப் பிறப்பித்தது. மீறுவோருக்கு 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது பத்து நாட்கள் வரை சிறை. முதல் உலகப்போர் முடிவுறும் தறுவாயிலிருந்த நாட்கள் அவை. ஆதலின், முகக்கவசம் அணிவது நாட்டுப்பற்றின் அடையாளமாகப் பறைசாற்றப்பட்டது. அணியாதவர் போர்முனைக்குச் செல்லாது ஒளிந்துகொள்ளும் கோழைக்கு ஒப்பிடப்பட்டார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். ஒரு நாள், முகக்கவசம் அணிய மறுத்த குதிரை லாடம் அடிக்கும் தொழிலாளி ஒருவருடன் கைகலந்த சுகாதார ஆய்வாளர், நடுத்தெருவில் அவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். அருகில் நின்ற இருவரும் காயமுற்றனர். உயிர்காக்க வந்த சட்டம் உயிருக்கே ஊறு செய்யும் நிலை ஏற்பட்டது.

இதனினும் ஆழமாக மக்கள் மனத்தைப் புண்படுத்தியது வேறொரு நிகழ்ச்சி. குத்துச்சண்டைப் போட்டியொன்றைக் காணச் சென்ற நகரத் தலைவர் ஜேம்ஸ் ரோல்ஃப், முகக்கவசமின்றி அமர்ந்திருந்தது புகைப்படத்தில் சிக்கியது. ஆணையில் கையொப்பமிட்டவரே அதனை மீறினார்! அவருக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, அவரும் செலுத்தினார். எனினும் செலுத்திய பணத்தால், இழந்த நம்பிக்கையை வாங்க முடியுமா?

எனவேதான், நோய் மீண்டும் தலைதூக்கி 1919 ஜனவரி 17-ஆம் நாள் இரண்டாம் ஆணை பிறந்தபோது, எதிர்ப்பும் உடன் பிறந்தது. முகக்கவச எதிர்ப்புச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றி, ஜனவரி 25-ஆம் நாள் பொதுக்கூட்டம் கூட்டியது. ஈராயிரத்திற்கு மேற்பட்டோர் திரண்டனர். அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண் வழக்கறிஞர். பிப்ரவரி முதல் நாளில் ஆணை நீக்கப்பட்டது. அந்நகரில் அந்த நோயால் இறந்தோர் மொத்தம் 3,000-க்கு மேற்பட்டோர்.

எதிர்த்தவர்கள் அனைவரும் அறிவிலிகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அன்று பயன்பட்ட துணி மிகவும் நெகிழ்வானது. கலிபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறையைச் சார்ந்த கெல்லாக் என்பவரே அதனை ஆராய்ந்து, அத்தகைய துணிக்கவசங்கள் நோயைத் தடுத்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்று பின்னர் எழுதினார். பாதி உண்மையை முழு உண்மையாக முழங்கிய அதிகாரிகளும், முழு ஆபத்தையும் பொய்யென்று மறுத்த எதிர்ப்பாளரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டிருக்க, இடையில் இறந்தவர்கள் ஏழை எளியவர்கள்.

நாட்டுக்கொரு வழக்கம்

ஜப்பான் நாட்டைப் பார்ப்போம். அங்கும் 1918-இல் பரவிய அதே காய்ச்சல்தான் முகக்கவசத்தை மக்களிடையே கொண்டு சேர்த்தது. பின்னர், போருக்குப்பின் மலைகளில் பெருமளவில் நடப்பட்ட தேவதாரு இன மரங்களின் மகரந்தத்தூள் இளவேனிலில் காற்றில் பரவி, மக்களைத் தும்மலாலும் கண்ணெரிச்சலாலும் வாட்டியது. அதனாலும் அந்த வழக்கம் வேரூன்றியது. சளி பிடித்தவர் தம்மைக் காப்பதற்காக மட்டுமன்றி, அருகிலிருப்பவருக்குத் தொல்லை தராதிருக்கவும் முகக்கவசம் அணிந்து வெளியே வருதல் அங்கு மரியாதையாகிவிட்டது.

வியப்பு யாதெனில், கொரோனா நாட்களில் ஜப்பானில் முகக்கவசம் அணியாதவருக்குத் தண்டனை விதிக்கும் சட்டமே இல்லை. அரசு வேண்டிக்கொண்டது, மக்கள் அணிந்தனர். 2023 மார்ச் 13 முதல் அவரவர் விருப்பத்திற்கே விடப்படும் என்று அரசு அறிவித்த பின்னரும் பலர் அதனைக் கழற்றவில்லை.

இதனைக் கேட்டு, "அவர்களல்லவோ நல்லவர்கள்!" என்று நாம் உடனே புகழ்ந்துவிடல் வேண்டா. சட்டத்தின் கண் இல்லாத இடத்தில் அண்டைவீட்டாரின் கண் விழித்திருந்தது. பிறர் என்ன நினைப்பாரோ என்ற அச்சத்தாலேயே அணிந்தவர்கள் உண்டு. கட்டுப்பாட்டை மீறுவோரைத் தாமே கண்காணித்து, ஏசி, கடிதம் எழுதி மிரட்டியோரும் அங்கு இருந்தனர். ஊர்வாய்க்கு அஞ்சிச் செய்யும் நன்மை, காவலருக்கு அஞ்சிச் செய்யும் நன்மையைவிட எவ்வளவு உயர்ந்தது? "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற கயிற்றில் தம் பிள்ளைகளின் வாழ்வையே கட்டிப்போடும் நம் குடும்பங்கள் இக்கேள்விக்கு விடை தேடவேண்டும்.

பிரான்சு நாட்டின் கதை இன்னும் சுவையானது. பொதுவிடத்தில் முகத்தை மறைத்தல் கூடாதென்று 2010-இல் அந்நாடு சட்டமியற்றியது. உடல்நலக் காரணங்களுக்கு அதில் விலக்கு இருந்தபோதிலும், முஸ்லிம் பெண்களின் முகத்திரையே அதன் இலக்கு என்று பரவலாகக் கருதப்பட்டது. முகத்தை மறைத்தால் 150 யூரோ வரை அபராதம். பத்தாண்டுகள் கழித்து, 2020 ஜூலை 20 முதல், மூடப்பட்ட பொதுவிடங்களில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. முகத்தை மறைக்காவிட்டால் 135 யூரோ அபராதம்! திறந்த முகமே குடியுரிமைக்கு அழகு என்று கற்பித்த அரசே, மூடிய முகமே குடிமகனின் கடமை என்று கற்பிக்க நேர்ந்தது. துணியின் பொருள் துணியில் இல்லை. அதனைப் பார்க்கும் மனத்தில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

நீதிமன்றம் கூறியது

தனிமனிதச் சுதந்திரத்தின் எல்லை எது? 1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் ஓர் அளவுகோலைத் தந்தார். ஒருவனுடைய நன்மைக்கென்று கூறி அவனைக் கட்டாயப்படுத்தச் சமுதாயத்திற்கு உரிமையில்லை; பிறருக்கு ஊறு விளைவதைத் தடுக்கும்பொருட்டு மட்டுமே கட்டாயப்படுத்தலாம் என்பது அவர் கருத்து. முகக்கவச வழக்கு இந்த அளவுகோலின் நடு முள்ளிலேயே வந்து நிற்கின்றது. என் மூச்சு என்னுடையது. ஆயின் அது என்னோடு நிற்பதில்லையே!

1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றைத் தீர்த்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெரியம்மை பரவியபோது, ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற போதகர் அம்மைப்பால் குத்திக்கொள்ள மறுத்தார். சிறுவயதில் குத்திக்கொண்டதால் தாம் பெரிதும் துன்புற்றதாக அவர் கூறினார். விதிக்கப்பட்ட அபராதம் 5 டாலர். அவர் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். எழுவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்: சமுதாயத்தில் வாழும் மனிதனுக்கு எல்லையற்ற சுதந்திரம் இல்லை, பொதுநலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஆனால் அத்தீர்ப்பில் மற்றொரு பக்கமும் உண்டு. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த அதிகாரத்தை மனம்போன போக்கில், தேவைக்கு மீறி, கொடுமையாகப் பயன்படுத்தினால் நீதிமன்றம் தலையிடும் என்றும் நீதிபதிகள் எச்சரித்தனர். மக்களுக்கு ஒரு கடமை என்றால் ஆள்வோருக்கும் ஒரு கடமை உண்டு.

2020-இல் ஆள்வோர் அக்கடமையில் தவறிய இடங்கள் உண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில், பொதுமக்களுக்கு முகக்கவசம் வேண்டுவதில்லை என்று அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் கூறினர். ஏப்ரல் 3-ஆம் நாள் அதே அரசு, அணிவது நல்லது என்றது. உலகச் சுகாதார நிறுவனமும் ஜூன் 5-ஆம் நாளன்றுதான் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. அறிவு வளரும்போது அறிவுரை மாறுவது இயல்பே. ஆனால் "முன்னர் தவறாகச் சொன்னோம், இன்ன காரணத்தால் மாற்றுகின்றோம்" என்று பணிவுடன் கூறியிருந்தால், ஐயுற்றோர் பலர் செவிசாய்த்திருப்பர். ஆசிரியரோ, பெற்றோரோ, பங்குத்தந்தையோ, தம் தவற்றை ஒப்புக்கொள்வதால் மதிப்பிழப்பதில்லை; மறைப்பதனாலேயே இழக்கின்றனர்.

அன்பினால் ஆனது

கட்டாயமின்றி மக்களை இணங்கச் செய்ய இயலாதா? வங்காளதேசத்தில் 2020 இறுதியில் தொடங்கி 2021 வரை 600 சிற்றூர்களில், மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோரிடையே, ஓர் ஆய்வு நடைபெற்றது. சில ஊர்களில் வீடுதோறும் முகக்கவசம் இலவசமாய் வழங்கப்பட்டது. அதன் பயன் விளக்கப்பட்டது. ஊர்ப் பெரியோரும் மசூதி இமாம்களும் தாமே அணிந்து முன்மாதிரி காட்டினர். அணியாதவரைத் தெருவிலும் சந்தையிலும் கண்டபோது அன்பாய் நினைவூட்டினர். அபராதம் இல்லை. சரியாக அணிந்தோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தனர். மருத்துவமனையில் பயன்படும் வகைக் கவசங்கள் வழங்கப்பட்ட ஊர்களில், நோய்க்குறியோடு தொற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தனர். முதியவர்களிடையே இன்னும் அதிகமாகக் குறைந்தனர்.

இது மந்திரமன்று; நிறைவான பாதுகாப்பும் அன்று. 2023-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று, முகக்கவசம் அணியுமாறு பொதுமக்களைத் தூண்டுவதால் விளையும் பயனைத் திட்டவட்டமாகக் கூறுவதற்கில்லை என்றே எழுதியது. ஆயினும் ஓர் உண்மை தெளிவு: முன்மாதிரியும் விளக்கமும் அன்பான நினைவூட்டலும், அபராதச் சீட்டின்றியே மனிதரை அசைக்கும் ஆற்றல் பெற்றவை.

சுதந்திரம் இறைவன் அளித்த கொடை. அதனை அற்பமாகக் கருதுதல் தகாது. அடியேன் குருமடத்தில் பயின்ற நாட்களில், புனித பவுலடியார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய பகுதியொன்றைப் பேராசிரியர் விளக்கியது இன்றும் நினைவில் உள்ளது. சிலைகளுக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்பது அங்கு எழுந்த பிரச்சினை. உண்ணத் தமக்கு உரிமை உண்டென்பதைப் பவுலடியார் மறுக்கவில்லை. ஆனால் தம் உரிமை வலுவற்ற சகோதரனுக்கு இடறலாகுமெனில், அதனைத் தாமே விட்டுவிடுவதாக எழுதுகின்றார். பிறர் பறித்தால் அது அடிமைத்தனம். அன்பின்பொருட்டுத் தானே விட்டுக்கொடுத்தால் அதுவே சுதந்திரத்தின் உச்சம்.

1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கி, மக்கள் வீட்டிற்குள்ளேயே இருக்கும்படி ஆணை பிறந்தபோது, அந்நகரின் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ அந்த ஆணையோடு போர் தொடுக்கவில்லை. தெருச்சந்திகளில் பீடங்கள் அமைத்து, மக்கள் தங்கள் சன்னல்களிலிருந்தே திருப்பலியில் பங்குகொள்ள வழிசெய்தார். கட்டுப்பாடு வந்தபோது அன்பு வேறு வழி கண்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், பொதுநலனுக்காக விதிக்கப்படும் கட்டுப்பாடுகளைத் தம் சுதந்திரத்தின்மீது தொடுத்த தாக்குதலாகக் கருதிப் போராடியோரை 2020-இல் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார்.

நாம் எங்கு நிற்கின்றோம்?

அன்பார்ந்த குடும்பங்களே, அமெரிக்கரையும் ஜப்பானியரையும் எடைபோட்டோம். நம்மை எடைபோட வேண்டாமா? அந்நாட்களில் காவலரைக் கண்டால் மூக்கின்மேல் ஏறிய கவசம், அவர் தலை மறைந்ததும் தாடைக்கு இறங்கியதை நாம் அறிவோம். ஆலய வாயிலில் அணிந்து, உள்ளே அமர்ந்ததும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவரும் நம்மில் உண்டு. நாம் எதிர்ப்புச் சங்கம் அமைக்கவில்லை. ஆயினும் முழுமனத்தோடு ஏற்கவும் இல்லை. வெளிப்படையாக எதிர்த்தவனிடமாவது ஒரு நேர்மை இருந்தது.

இன்று ஆணை இல்லை, அபராதம் இல்லை. ஆகவே இப்பொழுதுதான் நம் உண்மையான சோதனை தொடங்குகின்றது. கடும் இருமலோடு, பிறந்து பத்து நாளான குழந்தையைக் காணச் செல்லும் பாட்டியார் என்ன செய்வார்? காய்ச்சலோடு இருக்கும் இளைஞன், புற்றுநோய் மருத்துவம் பெற்றுவரும் தன் அத்தையின் அருகே அமருமுன் ஒரு கணம் நினைப்பானா? சளி பிடித்த பிள்ளையைத் தேர்வு போய்விடுமே என்று பள்ளிக்கு அனுப்பும் தாய், அதே வகுப்பில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் மற்றொரு தாயின் பிள்ளையை நினைப்பாளா? பீடத்தில் நின்று நற்கருணை வழங்கும் குருக்களாகிய நாங்களும், தொண்டை கரகரத்த நாட்களில் இதே கேள்வியை எங்களையே கேட்டுக்கொள்ளக் கடன்பட்டிருக்கின்றோம்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின், பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு இதனைப் பற்றிச் சற்றுப் பேசுவார்களாக. "சொன்னதைச் செய்" என்று முடித்துவிடாமல், ஏன் என்பதையும் எடுத்துரைப்பார்களாக. காரணம் அறிந்து கீழ்ப்படியும் பிள்ளை, காவலர் இல்லாத தெருவிலும் கீழ்ப்படியும். அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என நாமறியோம். வந்தால், நம் வீடுகளில் இன்று நாம் விதைத்ததே அன்று முளைக்கும். வீட்டு அலமாரியில் எஞ்சிக் கிடக்கும் ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நமக்கு இருமல் வரும் நாளில், யாரும் கேளாமலே, அடுத்தவருக்காக அதனை அணிவோம்.